மீன் சாப்பிடாத தலைவர்

"மீன் சாப்பிடாதவங்க யார் யார் இருக்கீங்க, கையைத் தூக்குங்க" என்றார் கிளப் செயலாளர் தீபக் சர்க்கார்.

ஜலதரங்க ஸ்போர்ட்டிங் கிளப்பின் கூடத்தில் நாற்பத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் கண்ணயர்ந்துகொண்டிருந்த திருவேங்கடம், வருஷப் பிக்னிக்குக்கு ஆள் எண்ணுகிறார்கள் என்று நினைத்தார். பிக்னிக்கில் அவருக்கு மட்டும் தனியாக லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்கும் எடுத்து வைப்பது வழக்கம். போன வருஷம் கை தூக்க மறந்து, வெறும் வயிற்றோடு வீடு திரும்பியிருந்தார். அதனால் இந்த முறை பளிச்சென்று தூக்கினார்.

"ஒரே கை!" என்று தீபக் கூவினார். "பாருங்க, நம்ம பாடாவிலேயே ஒரே கை! குளக் கமிட்டிக்குத் தலைவர் கிடைச்சாச்சு."

கூடம் கைதட்டியது. திருவேங்கடத்துக்குத் தூக்கம் தெளிவதற்குள் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்துவிட்டது.

விஷயம் இதுதான். கிளப்புக்குப் பின்னால் ஒரு குளம். மழைக்காலத்தில் அதில் ரூயி, காத்லா என்று மீன் குஞ்சுகளை விடுவார்கள். ஜனவரிக் கடைசியில் வலை போட்டுப் பிடித்து, பாடா என்கிற அந்தப் பேட்டையே பிக்னிக்கில் உட்கார்ந்து சாப்பிடும். கொல்கத்தாவில் பைபாஸ் சாலைக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் சின்னக் குடியிருப்புக்கு அதுதான் வருஷத்தின் பெரிய நாள். இந்த வருஷம் மீன் குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமைதோறும் குளத்துக் காவலாளி ரஞ்சன் வலை வீசிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். போன தலைவர் மேல் சந்தேகம், அதற்கு முந்தின தலைவர் மேலும் சந்தேகம்.

"மீன் சாப்பிடறவன் கையில மீனை ஒப்படைக்க முடியுமா, சொல்லுங்க வெங்கட்தா" என்றார் தீபக். "உங்களுக்கு இதுல ஒரு சுயநலமும் கிடையாது. அதோட நீங்க துறைமுகத்துல இருந்தவர். தண்ணி விஷயம் தெரிஞ்சவர்."

திருவேங்கடம் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தது உண்மைதான். ஆனால் பென்ஷன் பிரிவில் இருந்தார். அவருடைய ஜன்னலுக்கு எதிரே ஒரு சுவர் இருந்தது. கூரை ஒழுகின நாட்களைத் தவிர அவர் ஆபீசில் தண்ணீரையே பார்த்ததில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மாலையோடு வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி சுந்தரவல்லி மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன கோலம் இது?"

"குளத்துக்குத் தலைவராப் பண்ணிட்டா."

"குளத்துக்கா, மீனுக்கா?"

"மீனுக்குத்தான்."

"நீங்க ஒருநாள் கோவில் தர்மகர்த்தா ஆவேள்னு எங்கப்பா ஜாதகத்தைப் பார்த்துட்டுச் சொன்னார். மீனுக்கு ஆயிருக்கேள். பெருமாளுக்கு ஒரு அவதாரம் அப்படி இருக்கறதால சும்மா விடறேன்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஷெஃபாலி தமிழ் புரியாமலே சிரித்தாள். அந்தப் பாடாவில் ஐந்து வீடுகளில் வேலை செய்கிறவள் அவள். குளத்தங்கரைச் சந்தில்தான் குடியிருந்தாள். திருவேங்கடத்தை மேஷோமஷாய், அதாவது மாமா, என்று கூப்பிடுவாள்.

லேக் கார்டன்ஸில் வாடகை வீட்டில் இருந்த காலமெல்லாம் திருவேங்கடத்துக்கு ஒரே ஆசைதான் இருந்தது. ஓய்வு பெற்றதும் சொந்த வீட்டில், யாரும் எதற்கும் கூப்பிடாமல், நிம்மதியாகத் தூங்க வேண்டும். வீடு கிடைத்தது. தூக்கம்தான் கிடைக்கவில்லை. கடமை என்று வந்துவிட்டால் அவருக்குத் தட்டத் தெரியாது. மறுநாளிலிருந்து விடியற்காலையில் மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, குளத்துப் படித்துறையில் போய் உட்கார ஆரம்பித்தார்.

நாலாவது நாள் அதைப் பார்த்தார்.

பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. குளத்தின் கிழக்குக் கோடியில், ஈரநிலக் கால்வாய் வந்து சேர்கிற இடத்தில், ஒரு தட்டையான தலை எழுந்தது. மீசை. பின்னால் நீளமாக ஒரு முதுகு. அது மல்லாந்து படுத்து, மார்பின் மேல் எதையோ வைத்து இரண்டு கையாலும் பிடித்துக் கடித்துத் தின்றது. தின்று முடித்து, கையைக் கழுவுகிற மாதிரி தேய்த்துக்கொண்டது. பிறகு அவரைப் பார்த்தது. பயப்படவில்லை. ஒரு வேலையும் இல்லாதவர் என்று தெரிந்துகொண்டது போல, நிதானமாக ஒரு குட்டிக்கரணம் போட்டு உள்ளே போய்விட்டது.

திருவேங்கடம் கால்மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அறுபத்தாறு வயது. இத்தனை வருஷத்தில் யாரும் அவர் எதிரில் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை. அவருக்கே வெட்கமாக இருக்கும்படி கண்ணில் தண்ணீர் வந்தது. பனி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவர் நேரே கிளப்புக்குப் போய்ச் சொல்லிவிட்டார்.

"நீர்நாய் ஒண்ணு பார்த்தேன் தீபக்பாபு! நீங்க போந்தர்னு சொல்வீங்களே, அது. நம்ம குளத்துல!"

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"போந்தரா! அதானே பார்த்தேன்!"

"நான் போன வாரமே பார்த்தேன்."

"எங்க அண்ணி பார்த்தா. ரெண்டு பார்த்தா."

தீபக் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். "வெங்கட்தா, அது என்ன பண்ணிட்டு இருந்தது?"

"மீன் தின்னுட்டு இருந்தது."

"என்ன மீன்?"

"எனக்கென்ன தெரியும்? மீன்."

"எவ்வளவு பெரிசு?"

திருவேங்கடம் சுண்டுவிரலைக் காட்டினார்.

"அப்போ அது ரூயியோட வால்" என்று தீபக் தீர்ப்புச் சொன்னார். "மத்ததை முன்னாடியே தின்னுருக்கும். திருடன் அகப்பட்டான்! மீன் சாப்பிடாத மனுஷனே சாட்சி. இதைவிட என்ன வேணும்? ஜனவரி ரெண்டாவது ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்போம். மீன் குறையறது நிக்கலைன்னா கானிங் பக்கத்துலேர்ந்து பொறி வரவழைச்சுடுவோம்."

அதிசயத்தைக் காட்டியதற்காக அல்ல, குற்றவாளியைக் காட்டியதற்காக எல்லோரும் திருவேங்கடத்தின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஜீவனுக்குத் தூக்குக்கயிறு மாட்டியது அவர் வாய்தான். அதைக் காப்பாற்றுகிற பொறுப்பும் இனி அவருடையதுதான் என்று அங்கேயே தீர்மானித்துக்கொண்டார்.

காளிகாட்டில் இருக்கும் மைத்துனர் ராஜாராமனின் பெண் மஹிமா, நீர்நாய்களைக் காப்பாற்றுகிற ஒரு சிறு அமைப்பில் வேலை பார்த்தாள். போன் செய்தார். அவள் மகிழ்ச்சியில் கத்தினதில் அவருக்குக் காது அடைத்தது.

"வைல்ட் ஆட்டர்! அதுவும் பாடாவுக்குள்ள! அத்திம்பேர், இது பயங்கர முக்கியம். லோக்கல் கம்யூனிட்டியை நாம கனெக்ட் பண்ணணும்."

"கனெக்ட் எல்லாம் ஏற்கெனவே ஆயாச்சும்மா. அதைக் கொல்லணும்னு ஒத்துமையா இருக்கா."

"அது சட்டப்படி குத்தம், ஜெயில்!"

"சொன்னேன். அது தானா வந்து பொறியில விழுந்தா கிளப் என்ன பண்ணும்னு கேக்கறார் தீபக்."

மஹிமா வந்தாள். கிளப் கூடத்தில் திரை கட்டி, படம் போட்டு, அழகான வங்காளத்தில் பேசினாள். தமிழைவிட அவளுக்கு அதுதான் சரளம். நீர்நாய் இருக்கிற தண்ணீர்தான் நல்ல தண்ணீர் என்றாள். நோய்ப்பட்ட மீனையும் களை மீனையும் தின்று குளத்தை அது காப்பாற்றுகிறது என்றாள். குட்டிகள் அம்மா முதுகில் ஏறுகிற படம் வந்தபோது பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். திருவேங்கடத்துக்கு நம்பிக்கை பிறந்தது.

"ஒரு சந்தேகம்" என்று காவலாளி ரஞ்சன் எழுந்தான். "அது ஒரு நாளைக்கு எவ்வளவு மீன் தின்னும்?"

மஹிமா பொய் சொல்லத் தெரியாத பெண். "ஒரு கிலோ வரைக்கும் தின்னலாம்" என்றாள்.

"ஒரு கிலோ" என்று ரஞ்சன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "ஒரு கிலோ" என்று கூடம் முழுக்க முணுமுணுத்தது.

அதுவரை வாரத்துக்கு மூன்று நான்கு மீன் குறைந்துகொண்டிருந்தது. அந்த வாரத்திலிருந்து எட்டு, ஒன்பது என்று குறைய ஆரம்பித்தது.

"உங்க வீட்டுப் பொண்ணு சொன்னது சரிதான் வெங்கட்தா" என்றார் தீபக். "தினம் ஒரு கிலோ. ஞாயித்துக்கிழமை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

திருவேங்கடம் யோசித்தார். அதற்கு வயிறு நிரம்பிவிட்டால் குளத்து மீனைத் தொடாது அல்லவா? தனியாக மீன் வாங்கிப் போட்டுவிட்டால் என்ன? காட்டு விலங்குக்குத் தீனி போடக்கூடாது என்று மஹிமா சொன்னாள். உயிர் இருந்தால்தான் அது காட்டு விலங்காக இருக்க முடியும் என்று அவர் சொன்னார். அவள் பெருமூச்சு விட்டாள்.

பாடாவுக்குள் வாங்கினால் பேச்சாகிவிடும். ஆகையால் கரியாஹாட் சந்தைக்குப் போனார். அறுபத்தாறு வருஷத்தில் மீன் சந்தைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். மங்கி கேப்பை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"குழம்புக்கா, வறுக்கவா?" என்று மீன்காரர் கேட்டார்.

"பச்சையாவே."

மீன்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதையாக, "செவுளைப் பார்த்துக்குங்க தாதா, ரத்தச் சிவப்பு" என்று மீனின் கன்னத்தைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"திருவேங்கடம் மாமாவா?"

லேக் கார்டன்ஸ் பத்மஜா மாமி. கையில் கீரைக்கட்டு. மார்கழிப் பாராயண கோஷ்டியை முப்பது வருஷமாக நடத்துகிறவள். மங்கி கேப் மூக்கை மறைத்ததே தவிர, நெற்றி ஸ்ரீசூர்ணத்தை மறைக்கவில்லை.

"நமஸ்காரம். இது... எனக்கில்லை."

"பின்னே?"

"நீர்நாய்க்கு."

"யாருக்கு?"

"எங்க குளத்துல ஒரு நீர்நாய் இருக்கு. பாவம். அதுக்குப் பசிக்கும்னு..."

"ஓஹோ" என்றாள் பத்மஜா மாமி.

அந்த வருஷம் சர்க்கரைப் பொங்கல் முறை சுந்தரவல்லியின் வீட்டுக்கு வந்திருந்தது. மறுநாள் காலை அது லேக் கார்டன்ஸிலேயே ஒரு வீட்டுக்கு மாறிவிட்டதாகத் தகவல் வந்தது. வாங்கி வைத்த இரண்டு கிலோ வெல்லத்தைப் பார்த்துக்கொண்டு சுந்தரவல்லி உட்கார்ந்திருந்தாள்.

"நீர்நாய்க்குன்னு சொன்னேளாமே?"

"உண்மையைத்தானே சொன்னேன்."

"எனக்குத்தான்னு சொல்லியிருக்கலாம். அதையாவது நம்பியிருப்பா. இப்போ புத்தி பேதலிச்சுடுத்துன்னு பேசிக்கறா." அவள் வெல்லத்தைக் காகிதத்தில் சுற்றினாள். "கோஷ்டியில நாலு மனுஷாளோட அரைமணி நேரம் உட்கார்ந்து தமிழ் பேசறது ஒண்ணுதான் எனக்கு இந்த ஊர்ல இருந்தது. அதுவும் போச்சு."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இருந்தாலும் பொறியை நினைத்தால் அவரால் நிறுத்த முடியவில்லை.

தினமும் விடியற்காலையில் கடைசிப் படியில் மீனை வைத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை பார்ஷே வைத்தார். போய்விட்டது. செவ்வாய்க்கிழமை திலாப்பியா. அது அப்படியே கிடந்து மத்தியானம் நாறியது. புதன்கிழமை பாப்தா. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்குக்கண்ணாடி மறந்துவிட்டதென்று திரும்பிப் போனார். அதற்குள் காணோம்.

"அதுக்குத் திலாப்பியா பிடிக்கலைம்மா" என்று மஹிமாவிடம் சொன்னார். "பாப்தான்னா உயிர்."

"ஆட்டர் அப்படியெல்லாம் பார்க்காது அத்திம்பேர். எது கிடைச்சாலும் தின்னும்."

"உன் புஸ்தகத்து ஆட்டர் அப்படி இருக்கலாம். இது பெங்கால்ல பொறந்தது."

ஆனால் குளத்து மீன் குறைவது நிற்கவில்லை. நின்றால்தானே! சனிக்கிழமை வலை வீசியபோது பன்னிரண்டு குறைந்திருந்தது.

"நீங்க விருந்து வெச்சீங்க, அது சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்துடுச்சு" என்றார் தீபக். "இப்போ அஞ்சு இருக்காம். எல்லாரும் பார்த்திருக்காங்க."

திருவேங்கடம் அந்த நாலாவது நாளுக்குப் பிறகு அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பாடாவில் மற்ற எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அடுத்து மஹிமா ஒரு கேமரா கொண்டுவந்தாள். எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் பிடிக்கிற பெட்டி. அதைப் படித்துறை எதிரில் இருந்த வேப்பமரத்தில் கட்டினாள். எத்தனை நீர்நாய், என்ன தின்கிறது என்று தெரிந்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை என்றாள்.

கட்டி அரைமணி நேரத்தில் யாரோ அதன் மேல் ஈரத் துண்டு ஒன்றைக் காயப்போட்டிருந்தார்கள். திருவேங்கடம் துண்டை எடுத்தார். மாலைக்குள் கிளப்புக்கு ஏழு புகார்கள் வந்தன. குளத்துக்குக் குளிக்க வருகிற பெண்களுக்கு மானம் மரியாதை இல்லையா என்று ஒருவர். துலக்கப் போட்ட பாத்திரத்தை எல்லாம் போட்டோ எடுப்பதா என்று ஒருவர். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர், அவர் வாழ்நாளில் படித்துறைப் பக்கமே போகாதவர், தனிமனித சுதந்திரம் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். ஷெஃபாலிகூட அன்று பாத்திரத்தைத் தடார் தடாரென்று வைத்தாள்.

"ஒரு பிராணிக்காக மனுஷங்களை உளவு பார்க்கறீங்களா மேஷோமஷாய்?"

கேமராவை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் கேமரா மேல் இருந்த கோபம் முழுதும் நீர்நாய் மேல் திரும்பியது. அதனால்தானே இத்தனையும்? அதுவரை அதற்காகப் பாவம் பார்த்த இரண்டொரு பெண்களும் வாயை மூடிக்கொண்டார்கள். வியாழக்கிழமை கானிங்கிலிருந்து பொறி வந்துவிட்டது. இரும்புப் பல்லோடு, கிளப்பில் கேரம் பலகைக்குக் கீழே கிடந்தது.

அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. தீபக்கைத் தனியாகப் பிடித்தார்.

"தீபக்பாபு, அன்னிக்குப் பனி ஜாஸ்தி. நான் பார்த்தது நீர்நாய்தானான்னு இப்போ சந்தேகமா இருக்கு. கீரிப்பிள்ளையா இருக்கலாம்."

தீபக்குக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்போ நாங்க நாற்பத்து ரெண்டு பேர் பார்த்தது? எங்க எல்லாரையும் பொய்யன்னு சொல்றீங்களா வெங்கட்தா?"

திருவேங்கடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும் சுந்தரவல்லி அவரோடு அதிகம் பேசவில்லை. கிளம்புகிற நேரத்தில் மட்டும் மங்கி கேப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"இத்தனை பாடுபட்டேளே, அது இருக்கணும்னுதான் நானும் வேண்டிண்டேன்" என்றாள். "போயிட்டு வாங்கோ."

கூடம் நிரம்பி வழிந்தது. சந்துக்காரர்கள், மாடிவீட்டுக்காரர்கள், ஹெட்மாஸ்டர், ரஞ்சன், ஒரு மூலையில் ஷெஃபாலி. மஹிமா மடியில் காகிதக் கட்டோடு கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். பொறியை நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"தலைவர் பேசுவார்" என்றார் தீபக்.

திருவேங்கடம் எழுந்தார். என்னென்னவோ பேச வேண்டும் என்று இரவெல்லாம் நினைத்து வைத்திருந்தார். தண்ணீர், மண், உயிர், சட்டம். எதிரில் இருந்த நாற்பது ஐம்பது முகங்களையும் பார்த்ததும் அத்தனையும் அலுத்துப்போய்விட்டது. முழங்கால் வலித்தது. தோற்றுப்போனவனுக்கு நீளமாகப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றியது.

"எனக்கு முடியலை" என்றார். "உங்களோட சண்டை போடற வயசு எனக்கில்லை. அந்த ஜீவனை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதோட நினைப்பே எனக்குப் போதும்னு வெச்சுக்கறேன். பொறியை வெச்சுக்குங்க. ஒரே ஒரு விஷயம். மீன் எல்லாத்தையும் அதுதான் தின்னுதுன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்க. சரி. அது போயிட்டா நாளையிலேர்ந்து நம்ம குளத்துல ஒரு மீன்கூடக் குறையக் கூடாது. குறையாதுன்னு பாடாவுக்கு நான் வாக்குக் கொடுக்கறேன். தினம் நானே படித்துறையில உட்கார்றேன். சனிக்கிழமை சனிக்கிழமை எல்லார் எதிர்லயும் வலை வீசிப் பார்ப்போம். அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார்.

யாரோ இருமினார்கள். ரஞ்சன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, பொறி வைக்கறதுக்குச் சம்மதம்னு சொல்றவங்க..." என்று ஆரம்பித்த தீபக் பாதியில் நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

மூலையிலிருந்து ஷெஃபாலி எழுந்தாள்.

"வேண்டாம் பாபு" என்றாள். "வாயில்லாத ஜீவன். இருந்துட்டுப் போகட்டும்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று ரஞ்சன் உடனே எழுந்தான். "நம்ம பாடாவை நம்பி வந்திருக்கு."

"இயற்கையின் சமநிலை என்று ஒன்று இருக்கிறது" என்றார் ஹெட்மாஸ்டர்.

"குட்டி போட்டிருந்தா பாவம்" என்றாள் ஒரு அண்ணி.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். நீர்நாய்க்காகக் கூடமே பரிந்து பேசியது. கடைசியில் தீபக்கே பொறியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"போந்தர் நம்ம கிளப்போட சொத்து! பிக்னிக்குக்கு மீன் போதலைன்னா வெளியில வாங்கிக்கலாம். அதை எவனாவது தொட்டா நான் சும்மா இருக்க மாட்டேன். குளத்தங்கரையில பலகை வைப்போம். தலைவர் வெங்கட்தா, நிரந்தரத் தலைவர்!"

கூடத்தில் இருந்த கைகள் எல்லாம் உயர்ந்தன. மஹிமா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்திம்பேர், இதைத்தான் நாங்க எல்லா ஊர்லயும் சொல்வோம். கம்யூனிட்டி தானா மனசு மாறணும்னு! இதை நான் ரிப்போர்ட்டா எழுதப்போறேன். எப்படிப் பண்ணினேள்?"

"தெரியலைம்மா" என்றார் திருவேங்கடம். உண்மையிலேயே தெரியவில்லை. மனிதர்களைப் பற்றி இத்தனை வருஷமும் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னதும் சுந்தரவல்லி வெல்லத்தை எடுத்துப் பொங்கல் வைத்தாள். இரண்டு பேராக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷெஃபாலி வந்தாள். அவர் சமையலறை வாசல் வரை போய் நின்றார். வேலைக்காரப் பெண்ணிடம் நன்றி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கொஞ்சம் தயங்கினார்.

"ஷெஃபாலி, நேத்து முதல்ல எழுந்தது நீதான். நீ எழுந்திருக்கலைன்னா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. எது உன் மனசை மாத்திச்சு? மஹிமா காட்டின அந்தக் குட்டிப் படமா?"

ஷெஃபாலி குழாயை மூடினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள்.

"மனசு எங்கே மாறிச்சு மேஷோமஷாய்? போந்தர் செத்துப்போய் அதுக்கப்புறமும் மீன் குறைஞ்சா, நாங்க அத்தனை பேரும் யார் பேரைச் சொல்றது?"